பாய் உட்கார்ந்தால் நின்றுபோகும் வண்டி

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது சென்னையில், மண் அள்ளுகிற வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியில் மெக்கானிக். கல் அள்ளி லாரியில் போடுகிற லோடர் வண்டி அடிக்கடி ஆஃப் ஆகிறது என்று அங்கிருந்து போன் வந்ததும் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

லாரிகளுக்குக் கல் ஏற்றுகிற இடம் ஊருக்கு வெளியே ஒரு பாறைக் குன்றின் அடியில் இருந்தது. நான் போனதும் சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"சார், வண்டில ஒண்ணும் இல்ல. ஆளுதான் சரியில்ல. நம்ம பாய் உக்காந்தா நின்னுபோவுது. வேற ஆள் உக்காந்தா ஓடுது. வேலைக்கு டிமிக்கி குடுக்கறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டா மெட்ராஸ்லேர்ந்து வேற ஆபரேட்டர வரவழைச்சிடுவேன்."

பாய் என்று அவர் சொன்ன ஆபரேட்டர் செஞ்சிக்காரர். நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு. பல வருஷம் வடக்கே அணைக்கட்டு வேலைகளில் வண்டி ஓட்டியவர். சொந்த ஊரிலேயே வேலை வந்திருக்கிறது, இனிமேல் குடும்பத்தோடு இருக்கலாம் என்று திரும்பி வந்திருந்தார். என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தையே, "நான் ஒண்ணும் தொடல சார்" என்பதுதான்.

ஓட்டிக் காட்டச் சொன்னேன். நான் வெளியே ஏணியில் தொற்றிக்கொண்டு அவருடைய கையையும் காலையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு லாரி பாதி நிரம்பியிருக்கும். என்ஜின் வேகத்தைக் காட்டுகிற முள் ஒரு துள்ளு துள்ளி அப்படியே கீழே விழுந்தது. என்ஜின் நின்றுவிட்டது. சத்தியமாக அவர் எதையும் தொடவில்லை.

முள் விழுந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. அந்த வண்டி வெளிநாட்டிலிருந்து வந்தது. அதில் என்ஜினுக்குப் பின்னால், பெரிய பல்சக்கரத்தை ஒட்டி, கட்டைவிரல் பருமனில் ஒரு ஸ்பீடு சென்சார் இருக்கும். பற்கள் ஓடுவதை வைத்து என்ஜின் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று ஒயர் வழியாக ஒரு பெட்டிக்குச் சொல்லும். அந்தத் தகவல் வராமல் போனால் பெட்டி டீசலை நிறுத்திவிடும். சென்சார்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

கழற்றிப் பார்த்தால் முனையில் இரும்புத் தூள் அப்பியிருந்தது. துடைத்து, பல்சக்கரத்துக்கும் அதற்கும் இடைவெளி சரியாக வைத்து மாட்டினேன். மீட்டர் வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாகவே காட்டியது. இருந்தாலும் எதற்கு வம்பு என்று, கையோடு கொண்டுபோயிருந்த புது சென்சாரையே போட்டுவிட்டு நானே ஏறி உட்கார்ந்து ஓட்டினேன். லாரி லாரியாக ஏற்றினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. பெருமையோடு இறங்கி பாயை ஏறச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் முள் துள்ளியது. என்ஜின் நின்றது.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

இரும்புக்கு என்ன தெரியும், யார் உட்கார்ந்திருக்கிறார் என்று? பாயின் வாட்ச்சைக் கழற்றச் சொன்னேன். பெல்ட்டை, செருப்பைக்கூடக் கழற்றச் சொன்னேன். எல்லாவற்றையும் கழற்றி ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறினார். அப்போதும் நின்றது. யாரோ ஓர் எலுமிச்சம்பழத்தை வண்டியின் முன்னால் கட்டினார்கள். "கட்டிக்கோங்க, எது பண்ணாலும் ஓடுனா சரி" என்றார் பாய்.

மறுநாள் மதியம் பாயின் மனைவி சோறு கொண்டுவந்தார். நான்தான் மெட்ராஸ் மெக்கானிக் என்று தெரிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"வடக்க எம்மாம் பெரிய வண்டியெல்லாம் ஓட்டுனவரு சார். இது மட்டும் இவர வேணாங்குதா? இன்னா சார் இது?"

பாய் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "வுட்று சார். எனக்கே இப்ப சந்தேகமா இருக்குது. எனக்குத் தெரியாமயே என் கால் எங்கியாச்சும் படுதோ இன்னாவோ" என்றார். முதல் நாள் அவ்வளவு உறுதியாக 'நான் தொடல' என்று சொன்ன மனிதரைப் போலவே இல்லை. சூப்பர்வைசர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

வேறு எதுவும் தோன்றாமல் மறுபடியும் நானே ஏறி ஓட்டிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசருக்குப் பொறுமை போய்விட்டது. அவரும் நல்ல கனமான ஆள். ஏணியில் ஏறி உள்ளே வந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"பாத்தீங்களா சார், உங்க கைல எப்டி ஓடுது! இப்பவாச்சும் ஒத்துக்..."

முள் துள்ளியது. என்ஜின் நின்றது.

சூப்பர்வைசர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "சார், நான் ஒண்ணும் தொடல!" என்றார்.

கீழே நின்ற பாய் மெதுவாகச் சொன்னார்: "அதத்தான் நானும் சொல்லிக்கினு இருக்கேன்."

சூப்பர்வைசரை இறங்கச் சொல்லிவிட்டு ஸ்டார்ட் செய்தேன். ஓடியது. ஏறச் சொன்னேன். சற்று நேரத்தில் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீட்டும் அதன் அடியில் இருக்கும் தரைத் தகடும் ரப்பர் கட்டைகள் மேல் நிற்கின்றன. தகட்டைக் கழற்றித் தூக்கினோம். ஒரு ரப்பர் கட்டை நைந்து மாவாகியிருந்தது. கனமான ஆள் உட்கார்ந்து வண்டி குலுங்கினால் தகடு அந்தப் பக்கம் இறங்கும். அடியில் ஓடுகிற சென்சார் ஒயரை அதன் ஓரம் உரசி உரசி, உள்ளே செம்பு தெரிந்தது. செம்பு இரும்பில் பட்டதும் தகவல் அறுந்துவிடும். நான் அப்போது குச்சி மாதிரி இருப்பேன். அதற்கு முன் ஓட்டிப் பார்த்த இன்னொருவரும் அப்படித்தானாம். எங்கள் எடைக்குத் தகடு அசையவே இல்லை.

புது ஒயரை வேறு வழியாக இழுத்துக் கட்டி, பழைய லாரி டயரில் ஒரு துண்டு வெட்டி அந்த நைந்த கட்டைக்குப் பதிலாக வைத்தேன். பாய் ஏறினார். பொழுது சாயும்வரை வண்டி நிற்கவே இல்லை. சூப்பர்வைசர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. லாரிக்காரர்களை வரிசையில் வரச் சொல்லிக் கத்திக்கொண்டே போய்விட்டார்.

பஸ் ஏற்றிவிட வந்த பாய், ஸ்டாண்டில் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப... நான் ஒண்ணும் பண்ணல, இல்ல சார்?"

அத்தனையும் கண்ணால் பார்த்த பிறகும் அவருக்கு இன்னொருவர் வாயால் அதைக் கேட்க வேண்டியிருந்தது. "நீங்க ஒண்ணும் பண்ணல பாய்" என்றேன். என் பையிலிருந்த அந்தத் தேய்ந்துபோன ஒயர்த் துண்டைக் கேட்டு வாங்கி, வீட்டில் காட்ட வேண்டும் என்று கைக்குட்டையில் மடித்து வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளைப் பார்த்துவிட்டேன். ஆனால் யாராவது ஒரு கஷ்டத்தைச் சொல்லி, எனக்கு அது புரியாமல் போகும்போது, 'எனக்கு நன்றாகத்தானே நடக்கிறது' என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வருவதில்லை.