மூன்று குளத்துச் சுற்று

ரத்தொட்டையைத் தாண்டி லக்கல பக்கம் ஏறுகிற மலையில், தேயிலை முடிந்து புல் தொடங்குகிற இடத்தில்தான் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடு, பரிமளத்தின் லயம். லயத்துக்கு மேலே பத்தனை. மரம் நிற்காத, காற்று மட்டும் ஓயாமல் வீசுகிற புல்வெளிக்கு அங்கே அதுதான் பெயர். அதன் நடுவில் ஒரு குன்று, குன்றின் உச்சியில் முனியாண்டி, குன்றைச் சுற்றி மூன்று குளங்கள்: சேத்துக்குளம், பன்றிக்குளம், ஊமைக்குளம். தேயிலை அரைக்கிற தோட்டத்து ஸ்டோருக்கு அங்கிருந்துதான் தண்ணீர் இறங்கும்.

பரிமளத்தின் புருஷன் நாகமுத்து தோட்டத்துத் தண்ணிக்காரன். வாரத்தில் மூன்று நாள் மேலே ஏறி, குளத்து வாயை அடைக்கிற பாசியை வாரிப் போட்டுவிட்டு வர வேண்டும். சுற்றி வர ஐந்து மணி நேரம். பாறைப் பக்கத்துப் பாதையில் ஏறி, ஓடைப் பக்கத்துப் பாதையில் இறங்குவான். அப்படிப் போனால் குன்று வலக்கைப் பக்கமே இருக்கும், முனியாண்டியை வலம் வந்த கணக்கும் ஆகும். தோட்டத்து வேலைக்கு வேலை, சாமிக்குச் சாமி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிற கெட்டிக்காரத்தனம் நாகமுத்துவுக்கு அந்த ஒரு விஷயத்தில்தான் இருந்தது. பதினெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவன் சுற்று மாறியதில்லை.

அவர்களுக்கு ஒரே மகள், மங்களேஸ்வரி. பதினாலு வயது. ஐம்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

பரிமளம் அழவில்லை. பிடிவாதம் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். லயத்துப் பெண்கள் கட்டிப்பிடித்து, "அழுதுடு புள்ள, அழுதுடு" என்றார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போதுமா என்று அவள் கேட்டாள். மூன்று பேருக்கு அரிசி போட்டாள். மிஞ்சியதை நாய்க்குக் கொட்டினாள். மறுநாளும் மூன்று பேருக்கே போட்டாள். குழம்பில் உப்பு கூடினாலும் நாக்குக்குத் தெரியவில்லை. நாகமுத்து நாலாம் நாள் கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன.

பத்தாம் நாள் காலை எட்டரை மணியிருக்கும். தோட்டத்து ஆபீஸான கந்தோரின் பியோன் ஐயாவு வாசலுக்கு எட்ட நின்று கூப்பிட்டார். கையில் ஒரு நீளக் கடிதம்.

"தங்கச்சி, இது வந்து நாலு நாளாச்சி. சாவு வீட்டுல இத எப்படிக் குடுக்குறதுன்னு நானே வச்சிருந்தேன். இப்பத்தான் கிளாக்கர் ஐயா படிச்சிச் சொன்னாரு. ஒங்க பிரஜாவுரிமை வெசாரண. இன்னைக்காம்."

"எத்தன மணிக்கு அண்ணே?"

"மூணு மணிக்கு, மாத்தளையில. பன்னெண்டுக்கு நம்ம லொறி எறங்குது. நாகமுத்துதான் மனு போட்ட ஆளு. பேரு கூப்பிடுறப்ப அவரு இல்லாட்டி மனுவ வெட்டிருவாங்க."

ஐயாவுவைத் திட்ட நேரமில்லை. நல்ல மனுஷர் செய்கிற கெடுதலுக்குத் திட்டவும் வாய் வராது.

அந்த மனு போட்டு ஆறு வருஷம். பரிமளத்தின் அப்பன் பிறந்ததே இந்த மலையில்தான். ஆனாலும் கையில் பிரஜாவுரிமைத் தாள் இல்லாதவன் இந்த நாட்டு ஆள் இல்லை என்று சட்டம் வந்துவிட்டது. வோட்டு இல்லை, காணி இல்லை, என்றைக்காவது கப்பலேறு என்றால் ஏற வேண்டும். "நமக்கு வேணாம், புள்ளைக்கு வேணும்" என்று சொல்லி நாகமுத்துவைக் கையெழுத்துப் போட வைத்தவள் அவள்தான்.

பரிமளம் கணக்குப் போட்டாள். அவன் ஏழு மணிக்கு ஏறினான். பின்னால் ஓடினால் பிடிக்க முடியாது. ஆனால் அவன் இறங்குகிற ஓடைப் பாதையில் ஏறிப் போனால், எதிரே வருகிறவனை ஊமைக்குளத்துப் பக்கம் பிடித்துவிடலாம். பதினொன்றுக்குள் லயத்துக்குத் திரும்பிவிடலாம். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினாள்.

மேலே ஒரே மூட்டம். ஊமைக்குளம் எங்கே முடிகிறது, கரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. "ஏங்க!" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். காற்றுதான் வந்தது. பன்றிக்குளத்தில் இருப்பான் என்று நடந்தாள்.

நடக்க நடக்க உடம்பில் சூடு ஏறியது. பத்து நாளாக இல்லாத பசி எடுத்தது. வழியில் தவிட்டுப் பழம் பழுத்துக் கிடந்தது. ஒரு பிடி பறித்து வாயில் போட்டாள். நல்ல இனிப்பு. மாத்தளைக்கு எந்தச் சேலை கட்டுவது, விசாரணை ஐயா கேட்டால் என்ன சொல்வது என்று மனம் மளமளவென்று ஓடியது. கால் வழுக்கி விழுந்தாள். எழுந்து தன்னைத்தானே பார்த்துச் சிரித்தாள்.

பன்றிக்குளத்தில் மூட்டம் விலகியிருந்தது. குளத்து வாய் துப்புரவாக இருந்தது. கரையில் வாரிப் போட்ட பாசி இன்னும் ஈரம். அப்படியானால் வந்துவிட்டுப் போயிருக்கிறான். எதிரே வந்தவனை மூட்டத்தில் தவறவிட்டுவிட்டோமா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. திரும்பினாலும் அதே தூரம், போனாலும் அதே தூரம். போனாள்.

சேத்துக்குளத்துக்கு வருவதற்குள் கீழே லொறியின் ஹோர்ன் கேட்டது. இரண்டு தரம் அடித்தான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம். ஐயாவுதான் நிறுத்தி வைத்திருப்பார். பிறகு இரைச்சல் வளைவு வளைவாக இறங்கிக் கேட்காமல் போனது.

சேத்துக்குளத்துக் கரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் கழித்து, பாறைப் பாதையில் நாகமுத்து ஏறி வந்தான். சுற்றை முடித்து, லொறி போன பிறகு லயத்துக்கு இறங்கி, ஐயாவு சொல்லக் கேட்டு, அவளைத் தேடித் திரும்ப வந்திருந்தான்.

"ஒங்கள எங்கயெல்லாம் தேடுறது?" என்றாள் பரிமளம். "எதுக்க வருவீங்கன்னு ஓடப் பக்கமா ஏறி வந்தேன்."

"நானும் ஓடப் பக்கமாத்தான் ஏறுனேன். ஒனக்கு முன்னால போயிட்டு இருந்திருக்கேன்."

"என்னைக்கும் பாறப் பக்கந்தானே ஏறுவீங்க?"

"தீட்டோட சாமிய எப்படிப் புள்ள வலம் வாறது? அதான் ஒரு வாரமா மாத்திச் சுத்துறேன். ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"என்ன தீட்டு?" என்று கேட்டாள் பரிமளம்.

நாகமுத்து அவளைப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

குளத்தில் காற்று அலை அலையாகப் போனது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"புள்ளைக்குத் தல சீவி, அந்தப் பச்சப் பாவாடையக் கட்டி, லொறியில முன்னால ஒக்கார வைக்கணும்னு நெனச்சிக்கிட்டே வந்தேங்க. வழியெல்லாம் அதத்தான் நெனச்சேன். நல்லா இருந்திச்சி."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பத்து நாளில் அவன் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. விசாரணையில் பெயரைக் கூப்பிட்டிருக்கும் நேரம் தாண்டியும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.