இந்துமதி போட்டோவுக்கு மாலை

சினிமாக்காரர்களுக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களே, உங்களுக்குத் தெரியாததில்லை: படம் ஓடினால் டைரக்டருக்குப் பெயர், சுவரில் ஆணி அடித்தால் நமக்குத் திட்டு. காரைக்காலில் இந்த வேலையைச் செய்கிற நான் வாங்கியதிலேயே பெரிய திட்டு, ஒரு பேய் நாவலை இரண்டு பாகமாகப் படமெடுத்தபோது வாங்கியது.

வராத போட்டோ

முதல் பாகத்துக்கு, வரிச்சிக்குடியில் தனலெட்சுமி அக்காவின் ஓட்டு வீட்டைப் பிடித்திருந்தேன். படப்பிடிப்பு முடியும்வரை அக்கா குடும்பம் போலகத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தது. கதைப்படி செத்துப்போன பெண்ணின் படம் சுவரில் தொங்க வேண்டும். சென்னையிலிருந்து வரவேண்டிய போட்டோ வரவில்லை. ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆட்கள் பறந்த பறப்பில், அலமாரியில் இருந்த அக்கா மகள் இந்துமதியின் போட்டோவை எடுத்து நீட்டிவிட்டேன். மூலையில் மங்கலாகத்தானே தெரியப்போகிறது என்ற நினைப்பு. புத்தி கெட்ட நினைப்பு.

தியேட்டரில் அக்கா எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்தார். திரை முழுக்க இந்துமதி. நெற்றியில் குங்குமம், கழுத்தில் சந்தன மாலை, முன்னால் விளக்கு. அக்கா எழுந்து நின்றுவிட்டார்: "உசுரோட இருக்குற புள்ளைக்கு மாலையப் போட்டுட்டீங்களே தம்பி!"

மறுபடியும் அதே வீடு

படம் வந்த மூன்றாவது வாரம் இந்துமதியின் ஸ்கூட்டியைப் பஸ் உரசிக் கால் முறிந்தது. பிழைத்தாள், நடையில் ஒரு சாய்வு தங்கிவிட்டது. வளைவில் வேகமாக வந்த பஸ்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. அக்கா சனிக்கிழமை தவறாமல் திருநள்ளாறு போய் விளக்குப் போட்டார். மகள் தும்மினால்கூட வெலவெலத்துப் போனார்.

இந்த லட்சணத்தில், இரண்டாம் பாகத்துக்கும் அதே வீடும் அதே போட்டோவும் வேண்டுமென்று கம்பெனி என்னை அனுப்பியது. அக்கா என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். நாவலைப் படித்திருந்த இந்துமதிதான் உள்ளேயிருந்து வந்து சொன்னாள்: "ரெண்டாம் பாகத்துலதாம்மா அந்த மாலையக் கழட்டுவாங்க. எடுக்க விடலன்னா நான் மாலையோடயே நிக்கணும்."

நாவலில் இல்லாத தீ

இரவுக் காட்சி என்று பட்டப்பகலில் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்போது உதவி இயக்குநர் மண்ணெண்ணெயோடு வந்தார். நாவலின் முடிவு சப்பென்று இருக்கிறதாம். மாலையோடு போட்டோவைக் கொளுத்தப் போகிறார்களாம். பின்கட்டில் அக்கா எங்களுக்காக மோர் கலக்கிக்கொண்டிருந்தார்.

போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு டைரக்டரிடம், "கொளுத்துறதா இருந்தா வீட்டைக் காலி பண்ணுங்க சார்" என்றேன். ஒரு டைரக்டரை நான் எதிர்த்துப் பேசியது அன்றுதான். அவர் சொன்னார்: "சரி, புத்தகத்துல உள்ளபடியே எடுப்போம். ஆனா இனிமே என் படத்துக்கு நீங்க வீடு பார்க்க வேணாம்."

பாக்கி இருந்த சிரிப்பு

மாலையைக் கழற்றும் காட்சி நல்லபடியாக முடிந்தது. அடுத்த காட்சியில் பிணமாகப் படுத்திருந்த நடிகர், 'கட்' சொன்னதும் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார். செத்தவராக நடித்தவர் தோஷம் கழிய ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். சினிமாவில் அது வழக்கம். என்ன சிரிப்பு என்று இந்துமதி கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அப்ப என்னைய ஏன் மாமா சிரிக்க வைக்கல?"

நடித்தது போட்டோதானே என்பதால், முதல் பாகத்தின்போது எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. டைரக்டரே கேமராவை அவள் பக்கம் திருப்பச் சொன்னார். காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து நின்றாள். உதடு துடித்ததே தவிர, சிரிப்பு வரவில்லை. மோர்ச் சொம்போடு நின்றிருந்த அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதட்டினார்: "பல்லு தெரியச் சிரிடி, எல்லாரும் பாக்கட்டும்!"

மூன்றாம் பாகத்துக்கு வேறு ஆளை வைத்து வீடு தேடுகிறார்களாம். நானோ இப்போதெல்லாம் எந்த வீட்டைப் பிடித்தாலும், சாவி வாங்குவதற்கு முன்னால் போட்டோக்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிடுகிறேன்.