நிலுவையில் ஓர் இருமல்

கையொப்பமும் முகவரியும் இல்லாத மனுக்களின் மீது நடவடிக்கை தேவையில்லை. 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கோப்பில் சேர்த்துவிடலாம். 1993இல் மாவட்டம் பிரிந்து விழுப்புரத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை, மனுப் பிரிவில் இந்த விதியை நான் ஒருமுறைகூட மீறியதில்லை.

2011இல் என் மனைவிக்கு வறட்டு இருமல் பிடித்தது. திண்டிவனத்து டாக்டர் ரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை எழுதிக் கொடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. உட்கார்ந்தால் இருமல், படுத்தால் இருமல். எங்கள் தாம்பத்தியத்தில் அவள் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டது அப்போதுதான்.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், மாத்திரையின் பெயரையும் இருமலையும் சேர்த்துத் தட்டினேன். முதல் பக்கத்திலேயே வந்தது: இந்த மாத்திரை சிலருக்கு வறட்டு இருமல் தரும், மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். அச்செடுத்து அடியில் பார்த்தேன். கையொப்பம் இல்லை, பதவி இல்லை, நாள் இல்லை.

"இதுக்கு யாருப்பா பொறுப்பு?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"சார், இது நெட்டு சார். இதுல யாரு கையெழுத்து போட்டுக்கினு இருப்பாங்க?"

ஆகவே மொட்டைக் கடிதம். 'பார்வையிடப்பட்டது' என்று எழுதி மடித்து வைத்தேன்.

இன்னொரு தளத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் படமும் வட்ட முத்திரையும் இருந்தன. கேள்விக்கு இரண்டு நாளில் பதில் என்றும் போட்டிருந்தது. முறைப்படி விண்ணப்பித்தேன்: பொருள், பார்வை, இணைப்பு மூன்று. மனைவியிடம் கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்தும் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து முதல் நினைவூட்டு. அடுத்த வாரம் இரண்டாவது.

"திண்டிவனம் போய்க்கினு வந்துடலாங்க," என்றாள், விலாவைப் பிடித்துக்கொண்டு.

"ஒரு இடத்துல மனு நிலுவைல இருக்கும்போது இன்னொரு இடத்துல குடுக்கக் கூடாது."

"மனு அங்கியே இருக்கட்டும். இருமல் என்கிட்டதான இருக்குது."

மூன்றாம் நினைவூட்டை அனுப்ப நான் போயிருந்த நேரத்தில் அவள் தனியாகப் பஸ் ஏறிவிட்டாள். மாலையில் புது மாத்திரையோடு வந்தாள்.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"அந்த மாத்திரைக்கு இப்பிடி வருமாம். சொன்ன உடனே மாத்திட்டாரு. இத்தினி நாளா ஏன் வரலன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"ஃபைலு எங்க வீட்டுக்காரருகிட்ட இருக்குதுன்னு சொன்னேன். அதுக்கு மேல அவரு ஒண்ணும் கேக்கல."

மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கையொப்பம் இருந்தது, படிக்கத்தான் முடியவில்லை.

இரண்டு வாரத்தில் இருமல் நின்றது. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதுதான் முறை. ஆனால் அந்தத் தளத்தில் அதற்கு வழி இல்லை. எனவே மனு நிலுவையிலேயே கிடந்தது.

பிறகு பதில் வந்தது. அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து ஒப்பிட்டேன். அதே வரிகள், ஒரு சொல்கூட மாறவில்லை. சமையலறையில் மனைவி ஆடிப்பெருக்குக்குப் புளிச்சோறு கிளறிக்கொண்டு, என்னைப் பற்றி ஒரு நீண்ட வாக்கியத்தை முழுதாகப் பேசி முடித்தாள். பதிலின் அடியில் கையொப்பம் இல்லை, பதவியும் இல்லை. நாள் மட்டும் இருந்தது: ஆகஸ்ட் 3.