கடையில் வாங்கியதாகச் சொன்ன சாண்ட்விச்

எங்கள் வீட்டில் சீஸ் சாண்ட்விச் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்குச் சமையலறை கிடையாது, அதனால் கற்றுக்கொண்டேன்.

மைசூரில் பல தலைமுறையாக இருக்கிற ஐயங்கார் குடும்பம் எங்களுடையது. அடுப்பில் ஆவதெல்லாம் முதலில் பெருமாளுக்கு, பிறகுதான் மனிதருக்கு. அந்தச் சமையலை, தளிகை என்போம், செய்கிறவள் ஆசாரியரிடம் போய்த் தோளில் சங்கும் சக்கரமும் சூடாக ஒற்றிக்கொண்டிருக்க வேண்டும். எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே அது ஆயிற்று. இரண்டு தோளிலும் தழும்பு இருக்கிறது. ஆனால் நான் ஆபீசில் கூட வேலை பார்த்த வேற்று ஜாதிக்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். ஒத்துவரவில்லை. விவாகரத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அம்மாவும் அண்ணாவும் என்னை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள், சமையலறைக்குள் சேர்க்கவில்லை. தழும்பு இனிமேல் செல்லாதாம், காலாவதியான பஸ் பாஸ் மாதிரி.

சமையலெல்லாம் அண்ணாவின் மனைவிதான். மன்னி நல்லவள். வேளாவேளைக்கு எனக்குத் தட்டில் போட்டுக் கொடுத்துவிடுவாள். பின்பக்கம் பாத்திரம் தேய்க்கிற இடத்தில், யுடிலிட்டி என்று நாங்கள் சொல்கிற இடத்தில், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு இரும்புக் கல்லும் வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு. அங்கே நான் எதைச் செய்தாலும் அண்ணாவின் பெண் சாப்பிடுவாள். அண்ணா யாரும் பார்க்காதபோது சாப்பிடுவான். அம்மா மட்டும் தொடமாட்டாள். ஒரு வாய் காபி கூட என் கையால் வாங்கினதில்லை. அம்மா ஒரு நாளாவது நான் செய்ததைச் சாப்பிட வேண்டும் என்கிற ஆசை மட்டும் எனக்கு விட்டதே இல்லை. தலை நரைத்த பிறகும் இப்படி ஓர் ஏக்கமா என்று என் மேலேயே எரிச்சல் வரும்.

போன வருஷம் அண்ணாவின் பெண்ணுக்கு வரன் கூடிவந்தது. அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். பையனை அவளே பார்த்துப் பிடித்திருந்தாள், நல்லவேளையாக நம்மவர்களிலேயே. அவன் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாக இருந்தது. மைசூர் வந்தால் தான் சாப்பிடும் அத்திப்பழ சாண்ட்விச்சைப் பற்றி அவள் அவனிடம் அளந்துவிட்டிருந்தாளாம். அன்றைக்கு அது கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று அவன் கேட்டானாம். மன்னியே யுடிலிட்டிக்கு வந்து, பண்ணித் தருகிறாயா என்று கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைச் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற எதையோ சேர்க்கிறார்கள் என்று மன்னிக்குப் பயம். அதனால் சீஸை நானே செய்தேன். கெட்டிப் பாலைப் பொங்கவிடாமல் சூடாக்கி, எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுத் திரித்து, மெல்லிய துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டேன். நீர் முழுதும் வடிய விடக்கூடாது, விட்டால் பன்னீராகிவிடும். ஈரம் இருக்கும்போதே உப்பும் பாலேடும் போட்டுப் பிசைந்தால் வெண்ணெய் போலக் குழையும். அத்திப்பழம் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் விளைந்தது, தேவராஜா மார்க்கெட்டில் பொறுக்கி வாங்கினேன். அழுத்தினால் விரல் பதியும் பழமாக இருக்க வேண்டும், ஆனால் தோல் வெடித்திருக்கக் கூடாது.

ரொட்டித் துண்டின் ஓரம்வரை சீஸைத் தடவினேன். பழத்தை மெல்லிய வில்லைகளாக்கி நடுவில் மட்டும் அடுக்கினேன், ஓரத்தில் வைத்தால் சாறு கல்லில் வழிந்து கருகும். மேலே நாலு சொட்டுத் தேன், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு. வெளிப்பக்கம் வெண்ணெய். கல் சூடானதும் சூட்டைக் குறைத்து, மூடி போட்டு, பொறுமையாக நின்றேன். அவசரப்பட்டால் ரொட்டி சிவக்கும், உள்ளே சீஸ் குளிர்ந்தே கிடக்கும். எல்லாம் பொன்னிறமாக வந்தது. எனக்கே திருப்தியாக இருந்தது.

நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன் என்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டிருந்தேன். மன்னி வந்து தட்டுகளை வாங்கிக்கொண்டு, நீ ஏன் சிரமப்படுகிறாய், நான் எடுத்துப்போகிறேன் என்றாள். அவள் என் புடவையைப் பார்த்தாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பக்கத்து நடையில் கதவு மறைவில் நின்றுகொண்டு ஹாலைப் பார்த்தேன்.

பையன் ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அவன் அம்மா, பெங்களூரில் கூட இப்படிச் சாப்பிட்டதில்லை என்று மெச்சி, யார் செய்தது என்று கேட்டாள். நான் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டேன். கூப்பிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

மன்னி தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள். அண்ணா தரையைப் பார்த்தான். அண்ணாவின் பெண் தன் போனைப் பார்த்தாள். அம்மாதான் சொன்னாள்.

"கோகுலம் ஏரியாவுல ஒரு கஃபே இருக்கு. அங்கேர்ந்து வரவழைச்சோம்."

அத்தை ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்தால், அவள் கதை என்ன என்று கேட்பார்கள். கதை தெரிந்தால் கல்யாணம் நிற்கலாம். இது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

பையனின் அம்மா விடவில்லை. கடைப் பண்டம்தானே மாமி, நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று தட்டை நீட்டினாள். அம்மாவால் மறுக்க முடியவில்லை. மூலை பேக்கரியின் ரஸ்க்கையும் கார பன்னையும் அவள் தினமும் சாப்பிடுகிறவள். அதை எந்தக் கை பிசைந்தது, அந்தக் கை யாரைக் கட்டிக்கொண்டது என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை. அம்மா ஒன்றை எடுத்தாள். முழுவதும் சாப்பிட்டாள். பிறகு, யாரும் சொல்லாமலே, இன்னொன்றில் பாதியைப் பிட்டு எடுத்துக்கொண்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்துக்கு நடுவிலேயே, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, வயிறு குளிர்ந்தது. உப்புச் சரியாக இருந்திருக்குமா என்று கூட யோசித்தேன்.

அவர்கள் சம்மதம் சொல்லிவிட்டுப் போனபிறகு, மிச்சமிருந்த ஒன்றைத் தட்டில் வைத்து அம்மாவிடம் எடுத்துப்போனேன். வேண்டாம் என்றாள். அப்போது சாப்பிட்டாயே என்றேன்.

"அது கடையிலேர்ந்து வந்தது."

"நான்தான் பண்ணினேன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும். அதை நீ உன் வாயால சொல்லாதே. சொன்னா நாளைக்குப் பெருமாள் முன்னாடி நான் எப்படி நிப்பேன்?"

குரலில் கோபம் இல்லை. கெஞ்சுவது போலத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு யுடிலிட்டிக்குப் போய் நின்றபடியே அதைத் தின்றேன். ஆறிப்போய் ரொட்டி தோலாக இழுத்தது.

சில நாள் கழித்து மன்னி வந்தாள். நிச்சயதார்த்தத்துக்கும் அதே சாண்ட்விச் வேண்டும் என்று பிள்ளை வீட்டில் ஆசைப்படுகிறார்களாம், அந்தக் கஃபேயிலேயே சொல்லிவிடச் சொன்னார்களாம். என்ன சொல்லட்டும் என்று சங்கடத்தோடு கேட்டாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"கஃபேயை மூடிட்டான்னு சொல்லிடுங்கோ மன்னி" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்க்காமல், வெற்றிலையைத் துடைத்தபடி சொன்னாள்.

"பாவம். நன்னாப் பண்ணிண்டிருந்தா."