கொளஞ்சி ஏறிய மேடை

லாரி, சாலையிலிருந்து திரும்பும்போதே கொளஞ்சி கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். துடைப்பத்தோடு வந்து, லாரியை எடை போடும் இரும்பு மேடையின் நான்கு ஓரத்தையும் கூட்டி, சந்தில் மாட்டிய ஜல்லியைக் குச்சியால் நெம்பி எடுத்து, கடைசியாகத் தோள் துண்டால் ஒரு தட்டுத் தட்டுவார். ஓட்டுநர் ஹாரனை அலறவிட்டாலும் அவருக்குக் காது கேட்காது. "மேடையத் தொடச்சிட்டுத்தான் ஏத்தணும். ஒரு கல்லு சந்துல ஒக்காந்துச்சுன்னா நம்பரு கோணிப்பூடும்" என்பார்.

நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி போகும் சாலையில் இருக்கிறது அந்த எடை மேடை. எதிரே என் ஜெராக்ஸ் கடை. கரும்போ சவுக்கோ பலாப்பழமோ, எது வந்தாலும் பத்தொன்பது வருடமாக எடை சொல்கிறவர் கொளஞ்சிதான். எடை குறைகிறதே என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் அவர் குரலை உயர்த்துவதில்லை. "மேடைக்கு மாமன் மச்சான் கெடையாதுங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்ப்பார்.

கல்யாண வீட்டுக்குப் போனாலும் தொழில் அவரை விடாது. மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து, "எழுவத்தி ரெண்டு. மால நீங்கலா" என்று என் காதில் முணுமுணுப்பார். என்னை எண்பத்து மூன்று என்று ஒருநாள் தீர்ப்புச் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளாததால் லாரி மேடையிலேயே ஏற்றி நிறுத்தினார். அது எண்பது என்றது. பத்துக் கிலோவுக்கு உட்பட்ட சில்லறைச் சங்கதியெல்லாம் லாரி மேடையின் கண்ணில் படாதாம். அந்த மூன்று கிலோவை அவர் இன்றுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்பேர்ப்பட்டவர் போன மாசி மாதம் தனக்கென்று ஒரு சின்ன மேடை வாங்கினார். கண்ணாடித் தட்டு, கால் படும் இடத்தில் எவர்சில்வர் பட்டை. வெறுங்காலோடு ஏறி நின்றால் எடையைச் சொல்லும். உடம்பில் எத்தனை சதவீதம் கொழுப்பு என்றும் சொல்லும்.

விளையாட்டுக்கு வாங்கியதல்ல. சிதம்பரத்தில் இருக்கும் அவருடைய அக்கா தில்லையம்மாளுக்கு ஈரல் கெட்டுவிட்டது. சொந்தத்தில் யாராவது தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால்தான் பிழைப்பார் என்று பெரிய மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மகள் இளமதிக்கு ரத்த வகை சேரவில்லை. தம்பி கொளஞ்சிக்குச் சேர்ந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "ஒங்க ஈரல்லயும் கொழுப்பு படிஞ்சிருக்கு. ஒடம்பக் கொறைச்சிட்டு மூணு மாசம் கழிச்சு வாங்க, திரும்ப ஒரு ஸ்கேன் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அன்றோடு பரோட்டா நின்றது. மத்தியானம் கொள்ளுச் சுண்டலும் மோரும்தான். விடிந்ததும் ரயில்வே கேட் வரை நடை. அதோடு விட்டாரா? விருத்தாசலம் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. மனிதர்கள் தங்கள் குறையைச் சாமிக்கே பிராதாக எழுதிக் கட்டுகிற இடம். அங்கே போய் இவரும் ஒரு பிராது கட்டிவிட்டு வந்தார். அக்கா எழுந்து நடமாடும்வரை காலில் செருப்பு போடுவதில்லை என்று வேண்டுதல். பங்குனி வெயிலில் சரளைக்கல் கொதிக்கிற அந்த இடத்தில் நாள் முழுக்க வெறுங்காலோடு நடந்தார். பார்க்கிற எனக்குக் கால் சுட்டது. "அக்காவுக்குத் தெரிய வாணாம் மச்சான்" என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

தினமும் மத்தியானம் வேலை ஓய்ந்ததும் கண்ணாடி மேடையில் ஏறி, காலண்டர் தாளில் இரண்டு எண்களைக் குறித்துவைப்பார். எடை எண்பத்தைந்திலிருந்து எழுபத்தைந்துக்கு இறங்கியது. கொழுப்பு மட்டும் இருபத்தெட்டு, முப்பது, முப்பத்திரண்டு என்று ஏறியது. சித்திரை பிறந்தபோது முப்பத்து நான்கு.

அன்று அந்தத் தாளோடு சாலையைக் குறுக்கே தாண்டி ஓடிவந்தார். முகத்தில் ரத்தம் சுண்டிப்போயிருந்தது.

"மச்சான், என்னா இது? வாயக் கட்டிக் கெடக்கறேன், கொழுப்பு ஏறுது. அப்ப கரையறது என்னா, என் சதையா?"

எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. "மிஷின் தப்பாயிருக்கும்பா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. பத்தொன்பது வருடமாக அந்த வார்த்தையைக் கேட்டுக் காது புளித்தவர் அவர்.

"எடை கொறஞ்சவன் அத்தினி பேரும் அதத்தான் சொல்றான். மேடைக்கு மாமன் மச்சான் கெடையாது" என்று தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து தண்ணீர் குடிப்பதையும் குறைத்தார். எண் முப்பத்தைந்தானது.

மறு ஸ்கேனுக்குக் குறித்த தேதியில் அவர் போகவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி மேடையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார்.

"என்னால ஆவாதுன்னு அக்காகிட்ட சொல்லிப்புடணும். நீயும் வா மச்சான். எனக்கு வாய் வராது."

"இது எதுக்குப்பா?"

"சீட்டக் காட்டாம எடை சொல்லலாமா?"

பாசஞ்சர் ரயிலில் சிதம்பரம் வரும்வரை பையை மடியிலிருந்து இறக்கவில்லை. ஆத்திரமும் அழுகையும் எனக்கு ஒன்றாக வந்தன.

மேல வீதியை அடுத்த ஒரு சந்தில் அக்கா வீடு. கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிக் கட்டிலில் கிடந்தாலும் தில்லையம்மாளின் அதிகாரம் குறையவில்லை. "ரெண்டு பேரும் கால அலம்பிட்டு உள்ள வாங்க" என்று குரல் வந்தது. வாசல் குழாயில் கழுவிக்கொண்டு போனோம். பேச்சு வராது என்ற பயத்தில் கொளஞ்சி உடனே பையைப் பிரித்தார். மேடையைத் தரையில் வைத்தார், துண்டால் துடைத்தார், ஏறினார்.

"பாருக்கா. நீயே பாரு. முப்பத்தஞ்சு."

குனிந்து பார்த்தால் இருபத்தாறு.

சட்டென்று இறங்கி மேடையைத் திருப்பி அடியில் பார்த்தார். தரை கோணலோ என்று சுவரோரமாக நகர்த்தி வைத்து ஏறினார். முப்பது. விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஏறினார். முப்பத்து நான்கு. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "அரமணி நேரத்துல எட்டு எங்கேர்ந்து வந்துச்சு? நான் ஒண்ணும் திங்கலியே!"

இளமதி பிசியோதெரபி படிக்கிற பெண். அவள்தான் குனிந்து அவர் பாதத்தைப் பார்த்தாள். "மாமா, இது கொழுப்ப எடை போடறதில்ல. உள்ளங்கால் வழியா துளியூண்டு கரண்ட்ட அனுப்பும். அது சுளுவா போனா கொழுப்பு கம்மி, தடுமாறிப் போனா ஜாஸ்தின்னு உத்தேசமா ஒரு நம்பர் சொல்லும். ஈரக் கால்ல சுளுவா போவுது. ஒங்க காலு காஞ்சி கட்டையாயிருக்கு. தண்ணி குடிக்காம கெடந்தாலும் இப்படித்தான் ஏத்திக் காட்டும்."

"அப்ப ஈரலு?"

"அது இதுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான மாமா ஸ்கேனு! போனீங்களா இல்லியா?"

கொளஞ்சி இறங்கி, மேடையை மஞ்சள் பைக்குள் தள்ளினார். அக்கா பிழைக்கட்டும் என்று செருப்பைக் கழற்றிய மனிதர், அந்த வெறுங்கால் காட்டிய எண்ணை நம்பி அக்காவைக் கைவிட வந்திருக்கிறார். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால்?

தில்லையம்மாள் வாசலைப் பார்த்தார். அங்கே என் செருப்பு மட்டும்தான் கிடந்தது. "ஒன் செருப்பு எங்கடா?" என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தார். நான் சத்தியத்தை மீறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரமே ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது, கொடுக்கலாம் என்று சொல்லித் தேதியும் குறித்துவிட்டார்கள். எடை மேடையிலும் ஒரு மாற்றம். போன வாரம் ஒரு கரும்புக்காரர் எடை போதவில்லை என்று கத்தினார். கொளஞ்சி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எறக்கி இன்னொரு வாட்டி ஏத்துங்க, பாக்கலாம்" என்றார். கரும்புக்காரர் திகைத்துப் போனார். சண்டைக்காக மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வேண்டுதலை மட்டும் கொளஞ்சி விடவில்லை. இருவரையும் மருத்துவமனையில் சேர்க்கிற அன்று நானும் கூடப் போயிருந்தேன். தில்லையம்மாள் சக்கர நாற்காலியில் இருந்தார். முதலில் தம்பியை எடை பார்க்கக் கூப்பிட்டார்கள். "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க" என்று நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள் நர்ஸ். கழற்ற என்ன இருக்கிறது? கொளஞ்சி பழக்கதோஷத்தில் தோள் துண்டை எடுத்து மேடையைத் துடைக்கக் குனிந்தார்.

அக்கா எட்டி அந்தத் துண்டைப் பிடுங்கினார். நாற்காலியில் சொருகியிருந்த தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துத் துண்டின் நுனியை நனைத்தார்.

"மேடை சுத்தமாத்தான்டா இருக்கு. நீ காலக் காட்டு."

"வாணாங்க்கா. நீ போயி என் கால..."

தில்லையம்மாள் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார். கொளஞ்சி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வெடித்துக் கறுத்த வலது பாதத்தைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தார்.