வயிற்றுவலி கார்டு

எனக்குச் சட்டென்று கோபம் வரும். இந்த வயசிலும் வருகிறது. ஆனால் அந்த வயிற்றுவலி கார்டு விஷயத்தில் யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நான் நர்ஸ். தோட்டத்துச் சனங்களுக்கு நான் மிசி. எனக்கு மேலே டாக்டரய்யா. அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. மருந்து கலக்கப் படித்துவிட்டு வந்து, முப்பது வருஷம் தோட்டத்து வயிறுகளை அமுக்கிப் பார்த்தே டாக்டரய்யா ஆனவர். யார் வந்து நின்றாலும் முதலில் "யாருக்கு?" என்பார். நிற்கிற ஆளுக்குத்தானே, இதென்ன கேள்வி என்று எனக்கு எரிச்சலாக வரும்.

நோயாளி வராமல் மருந்து மட்டும் கேட்டு வருகிறவர்களையும் அவர் திருப்பி அனுப்ப மாட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டினேன்: நோயாளி நேரில் வராவிட்டால் மருந்து கொடுக்கப்படாது. டாக்டரய்யா அதை வாசித்துவிட்டு, "எழுத்து நல்லாயிருக்கு" என்றார். நான் பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து ஒரு இளம் டாக்டர் வந்து, பதுளையில் ஒரு அறை எடுத்து கம்ப்யூட்டர் ஒன்றை வைத்தார். எங்களுக்கு ஒரு கட்டு கார்டு கொடுத்தார். வயிற்றுவலி என்று யார் வந்தாலும் அதில் இருக்கிற கேள்விகளைக் கேட்கவேண்டும். வலி எங்கே தொடங்கியது, இப்போது எங்கே இருக்கிறது, வாந்தி உண்டா, பசி உண்டா. அப்புறம் காய்ச்சல், நாடி, அமுக்கினால் வயிறு இறுகுகிறதா என்று நானே பார்த்து எழுதவேண்டும். தோட்டத்து ஆபீஸ் டெலிபோனில் அதை வாசித்தால், பதுளையில் ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டுவார். கொஞ்ச நேரத்தில் என்ன வியாதியாக இருக்கும் என்று பதில் வரும். முன்னால் பார்த்த நோயாளிகளின் விவரமெல்லாம் அதற்குள் இருக்கிறதாம். எங்கள் கார்டுகளையும் கடைசியில் அதற்குள்ளேயே போடுவார்களாம். அதை வைத்து அடுத்த நோயாளிக்குச் சொல்லுமாம்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "கண்ணில்லாத பெட்டிக்கு வயிறு எப்படி டாக்டர் தெரியும்?" என்று கேட்டேன். "நீங்கதான் அதுக்குக் கண்ணு, மிஸ்" என்றார். அந்தப் பேச்சில் கொஞ்சம் தலைகால் தெரியாமல்தான் திரிந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

டாக்டரய்யா கல்யாணம் ஒன்றுக்கு அப்புத்தளை போயிருந்த ஒரு நாள். காலையில் கொழுந்தெடுக்கிற பெண் ஒருத்தி வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, "வயித்து வலிங்க மிசி" என்றாள். கார்டை எடுத்தேன். நேற்று தொப்புள்கிட்டே தொடங்கி இப்போது வலது பக்கம் அடியில் நிற்கிறது என்றாள். இரண்டு தடவை வாந்தி. சோறு இறங்கவில்லை. ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. மற்றவர்களிடம் ஒரு பதில் வாங்குவதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிடும். நல்லா பதில் சொல்றாளே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அவள் சொன்னதை வைத்துப் பார்த்தால் குடல்வால் அழற்சி. எங்களுக்குப் படிப்பித்ததும் அதேதான். ஆனால் காய்ச்சல் இல்லை. நாடி நன்றாக இருந்தது. வயிற்றை அமுக்கினால் பஞ்சு மாதிரி இருந்தது. எனக்கு ஒரே குழப்பம். ஆபீசுக்கு ஓடிப்போய் டெலிபோனில் எல்லாவற்றையும் வாசித்தேன். பெரும்பாலும் சாதாரண வயிற்றுவலி, நாளைக்கு மறுபடி பார்க்கவும் என்று பதில் வந்தது. அப்பாடா என்றிருந்தது. குழப்பத்தைத் தீர்க்கத்தானே அது இருக்கிறது.

"பயப்பட ஒன்னுமில்ல, கம்ப்யூட்டரே சொல்லிருச்சு" என்று மருந்துப் போத்தலைக் கொடுத்தேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. வாசல் வரைக்கும் போனவள் திரும்பி, "சின்ன வயசுக்காரங்களுக்கும் இதே அளவுதானுங்களா?" என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உன் மருந்தை ஊருக்கெல்லாம் பங்கு வைக்காதே" என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

மத்தியானத்துக்குமேல், தொழிலாளர் குடியிருக்கிற மேல் லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கக் கிளம்பினேன். போகிற வழியில், மலையில், அதே பெண் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கூடை நிறைந்திருந்தது. கை பறக்கிறது. என்னை ஏமாற்றி ஆபீஸ் வரைக்கும் ஓட வைத்துவிட்டாளே என்று, செடிகளுக்குள் புகுந்து நேரே அவளிடம் போனேன்.

"வலி எங்கே போச்சு?"

அவள் கையை நிறுத்தவில்லை. "எனக்கில்லைங்க மிசி. மகளுக்கு."

நான் மேலே கேட்பதற்குள் அவளே சொன்னாள். "அவளால எந்திரிக்க முடியல. தூக்கியாரவும் ஆளில்ல. ஆளு வராம மருந்து இல்லன்னு பலகையில போட்டிருக்குன்னாங்க. அதான் அவளுக்குப் பதிலா நானே வந்தேன். அவகிட்ட ஒவ்வொன்னா கேட்டு மனசுல வச்சிக்கிட்டுத்தான் வந்தேன். நீங்க கேட்டதுக்கெல்லாம் சரியாத்தான் சொன்னேனுங்க. பயப்பட ஒன்னுமில்லன்னு சொல்லவும்தான் மலைக்கு வந்தேன்."

அவளோடு லயத்துக்கு ஓடினேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வயிற்றில் கை வைத்தேன், பலகை மாதிரி இருந்தது. பக்கத்தில் என் மருந்துப் போத்தல். இரண்டு வேளை சரியாகக் குடித்திருந்தாள்.

கம்பளியில் தூக்கி, கொழுந்து லொறியில் போட்டு, பதுளை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க அந்தத் தாய் என் கையை விடவில்லை. குடல்வால் வெடித்திருந்தது. அன்று சாயந்திரமே ஆபரேஷன். பிழைப்பாளா மாட்டாளா என்று நாலு நாள் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த நாலு நாளும் நான் கும்பிடாத மாதா இல்லை. பிழைத்துக்கொண்டாள்.

டாக்டரய்யா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வெயில்ல நடந்து வந்தவங்களுக்குக் காச்சல் இல்லன்னா, காச்சல் வீட்டுல இருக்குன்னு அர்த்தம்" என்று மட்டும் சொன்னார். பலகையை நானே கழற்றினேன். அந்தத் தாய் மட்டும் பார்க்கிற இடமெல்லாம், மிசியும் அந்தப் பெட்டியும்தான் மகளைக் காப்பாற்றினார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓடி ஒளிய வேண்டும்போல இருக்கும்.

மாதக் கடைசியில் இளம் டாக்டர் கார்டுகளை வாங்க வந்தார். ஒவ்வொரு கார்டிலும் கடைசி வரியில், பிறகு உறுதியான நோய் என்ன என்று நான் எழுதித்தர வேண்டும். அந்தக் கார்டில் என்ன எழுதுவது? வலி மகளுடையது, வயிறு தாயுடையது. குடல்வால் என்று எழுதினால் பஞ்சு மாதிரி வயிற்றிலும் குடல்வால் வெடிக்கும் என்று அந்தக் கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும். ஒன்றுமில்லை என்று எழுதினால், அந்தப் பிள்ளை சொன்ன வலியெல்லாம் ஒன்றுமில்லை என்று படித்துக்கொள்ளும். கடைசியில் நடந்ததை அவரிடமே சொல்லிவிட்டேன்.

அவர் அந்தக் கார்டை உருவி எடுத்துக் கிழித்துப் போட்டார். "மத்தக் கார்டெல்லாம் சரிதானே, மிஸ்?"

கட்டைப் புரட்டினேன். எல்லாமே என் கையெழுத்து. ஒரு கார்டிலாவது வந்து நின்றவளின் முகம் நினைவுக்கு வரவில்லை. யாரிடமும் நான் "யாருக்கு?" என்று கேட்டதில்லை. எல்லாரும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே வந்திருந்தார்கள். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதாங்க டாக்டர்" என்றேன். அவர் கட்டை நூலால் கட்டி, பைக்குள் வைத்துக்கொண்டு பதுளைக்குப் போனார்.