பதின்மூன்றாவது கட்டம்

போன வருடம் ஐப்பசிப் பௌர்ணமி அன்று பிற்பகல், திருவண்ணாமலையில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் இது நடந்தது. என் மனைவிக்கு அன்று காலையில்தான் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட, கீழ்பென்னாத்தூரிலிருந்து வர வேண்டிய மகள் வந்து சேரவில்லை. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. மாடிப்படி முப்பத்தெட்டு. கட்டிலில் தொங்கிய தாளில் அவளுடைய மூச்சு எண்ணிக்கையை ஐந்து முறை எழுதியிருந்தார்கள். ஐந்து முறையும் பதினெட்டு. மாறாத எண்ணைப் பார்த்தால் எனக்கு நிம்மதி. அவள் முனகியதுதான் பொறுக்கவில்லை. நான்கு முறை போய் நர்ஸை நச்சரித்தேன். டாக்டரைக் கேட்டு வலிக்கு இன்னொரு ஊசி போட்டார்கள். அவள் தூங்கிவிட்டாள்.

அந்த நர்ஸுக்கு மூன்று மணிக்கு ஆன்லைன் வகுப்பு. பன்னிரண்டு மருத்துவமனைகளில் இருக்கும் நர்ஸுகளுக்கு ஒரே சமயத்தில் ஒரு அம்மா பாடம் நடத்துவாராம். எங்கள் அறையில்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று தன் டேப் கம்ப்யூட்டரை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில், கிரிவலம் வந்த யாரோ மயங்கி விழுந்துவிட்டதாகக் கீழேயிருந்து கூப்பிட்டார்கள்.

"ஐயா, கொஞ்சம் பாத்துக்கிறீங்களா? கட்டாச்சுனா எனக்கு ஆப்சென்ட் போட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நாற்காலியை ஜன்னல் ஓரமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். திரை முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்கள், பதின்மூன்று. ஒன்றில் பாடம் நடத்தும் அம்மா. பதினொன்றில் நர்ஸுகளின் முகங்கள். மீதி ஒன்றில் முகமே இல்லை. ஒரு கட்டில், பச்சைப் போர்வை, சுவர்ப்பக்கம் தலை சாய்ந்திருந்த ஒரு பெண். கீழே பெயருக்குப் பதிலாக ஏதோ மாடல் எண். மூலையில் வெள்ளையாக ஒரு துண்டு தெரிந்தது. தலையணை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா மூச்சு எண்ணுவதைப் பற்றித்தான் திட்டிக்கொண்டிருந்தார். மார்பைப் பார்க்காமலேயே எல்லோருக்கும் பதினெட்டு என்று எழுதிவிடுகிறீர்கள், ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள் என்றார். எனக்குச் சொல்லவா வேண்டும்? கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அந்தக் கட்டத்துப் பெண்ணின் மூச்சை எண்ணினேன். போர்வை எழும்பித் தாழ்ந்தது. பதினொன்று. தவறாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினேன். எட்டு. மூன்றாவது நிமிடம் ஐந்து. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் போர்வை அப்படியே கிடந்தது. வெளியே இத்தனை ஜனம் நடந்துகொண்டிருக்க, உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"அம்மா, அந்தப் பொண்ணப் பாருங்க" என்று சத்தம் போட்டேன். யாரும் திரும்பவில்லை. மைக்கை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. மைக் படத்தை அழுத்துவதற்காக டேப்பின் முன்னால் குனிந்தேன். அப்போது அந்தக் கட்டத்துக்குள் ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். நரைத்த தாடி, கண்ணாடி, வெள்ளைச் சட்டை. அப்பாடா, ஆள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அழுத்தியதும் மைக் திறந்துகொண்டது. "ஒரு ரூம்ல ஒரு பொண்ணுக்கு மூச்சு அஞ்சுதாம்மா வருது, எந்த ஆஸ்பத்திரினு தெரியல" என்றேன்.

அந்த அம்மா திரையை உற்றுப் பார்த்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார்: "ஐயா, பின்னாடி திரும்பிப் பாருங்க."

திரும்பினேன். அதே கட்டில், அதே பச்சைப் போர்வை. என் மனைவியின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

அந்த அம்மா சொல்லச் சொல்லத்தான் என் கைகள் நகர்ந்தன. மணியை அடித்தேன். அவள் தோளை உலுக்கினேன், தாடையை மேலே தூக்கிப் பிடித்தேன். ஒரு பெரிய மூச்சை இழுத்து, கண் திறக்காமலேயே, "தூங்கக்கூட உடமாட்டீங்களா" என்றாள். திரையில் பதினொரு முகங்களும் ஆடாமல் அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. நர்ஸும் டாக்டரும் ஓடி வந்து ஆக்சிஜன் வைத்தார்கள். மூச்சை மந்தமாக்கிய அந்த வலி மருந்தின் வேகத்தை முறிக்க ஓர் ஊசி போட்டார்கள். இருட்டுவதற்குள் அவள் காபி கேட்டாள்.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். அன்று நான் அவளிடம் சொல்லாமல் மறைத்தது ஒன்றுதான். எண்ணிக்கொண்டிருந்த அந்த மூன்று நிமிடமும், பாவம், இந்தப் பெண்ணுக்கென்று பக்கத்தில் இருக்க ஒரு ஆள்கூட இல்லையே என்று நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். இன்றும் அவள் தூங்கும்போது அந்தப் பரிதாபம் நினைவுக்கு வந்தால், என் நாற்காலியை அவள் முகத்தைப் பார்க்கிற மாதிரி இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.